பி.ஓ.டி.: ‘தேவை’ வேண்டாம், ‘செலவு’ என்போமே

அனைவருக்கும் வணக்கம்.

ஆற்றுநீர்ப் பரிசோதனைக் கையேட்டின் சொற்பட்டியலைப் பார்த்தேன். கலங்கல், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் எல்லாம் சரி, அப்படியே இருக்கட்டும். பி.ஓ.டி.க்கு (BOD: நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) ‘உயிரிய ஆக்சிஜன் தேவை’ என்று போட்டிருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

‘ஆக்சிஜன் தேவை 12’ (லிட்டருக்கு மில்லிகிராமில்) என்ற வரியை, கரையோரத்தில் வசிக்கும் ஒருவர் எப்படிப் படிப்பார்? ஆற்றுக்கோ மீனுக்கோ அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் 20 டிகிரி வெப்பநிலையில் நன்னீர் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம்தான். 12 என்றால், அந்த நீரிலுள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருப்பது மொத்தத்தையும் காலி செய்துவிட்டு இன்னும் கேட்கும் என்று பொருள். அபாயத்தைச் சொல்ல வேண்டிய எண், ஊட்டச்சத்து அட்டவணை போலத் தெரிகிறது.

சோதனையையே பாருங்கள். புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஆக்சிஜனை அளந்துகொள்கிறோம். பாசி ஒளிச்சேர்க்கை செய்து கணக்கைக் கெடுத்துவிடாதபடி, 20 டிகிரியில் 5 நாள் இருட்டில் வைக்கிறோம். பிறகு மறுபடி அளக்கிறோம். முதலில் 8.4, முடிவில் 6.1 என்றால் விடை 2.3. வரவிலிருந்து மீதியைக் கழித்தால் கிடைப்பதைத் தமிழில் செலவு என்றுதானே சொல்வோம்? (சாக்கடை கலந்த நீரில் ஆக்சிஜன் 5 நாள் தாங்காது. அதை நல்ல நீர் கலந்து நீர்க்கவைத்து அளந்து, எத்தனை மடங்கு நீர்க்கவைத்தோமோ அத்தனையால் பிறகு பெருக்கிக்கொள்ள வேண்டும். கையேட்டில் இது விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.)

‘செலவு என்றால் நடந்து முடிந்தது, தேவை என்றால் இனி நடக்கப்போவது’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மறுப்பு. கழிவு கலக்கும் இடத்திலேயே அளந்தால் கரைந்த ஆக்சிஜன் ஓரளவு நன்றாகவே இருக்கலாம். நீர் ஓட ஓடக் குறைந்து, வெகுதூரம் தள்ளித்தான் அடிமட்டத்துக்குப் போகும். மீன் செத்து மிதப்பது அங்கே. எனவே வரப்போவதையும் சொல் உணர்த்தத்தான் வேண்டும். ஆனால் ‘எவ்வளவு செலவு பிடிக்கும்?’ என்று இனி ஆகப்போவதைத்தானே நாம் கேட்கிறோம்! அந்தப் பொருளும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘நுகர்வு’ என்ற யோசனையும் மோசமில்லை. ஆனால் முகர்வது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருப்பதால், நீரின் வாசனையைப் பற்றியும் பேசும் கையேட்டில் அது குழப்பும். ஆக்சிஜனுக்கு ‘உயிர்வளி’ என்பது எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் ‘உயிரிய உயிர்வளி’ நாக்கில் இடறுகிறது.

என் முன்மொழிவு: பி.ஓ.டி. ‘நுண்ணுயிர் ஆக்சிஜன் செலவு’. நுண்ணுயிர்களுக்குப் பதில் டைக்குரோமேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு சில மணி நேரத்தில் அளக்கும் சி.ஓ.டி. (COD) ‘வேதி ஆக்சிஜன் செலவு’. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: 5 நாள் செலவு, முழுச் செலவு, கரிமச் செலவு, நைட்ரஜன் செலவு. அட்டவணைத் தலைப்பில் ‘பி.ஓ.டி.’யும் பக்கத்திலேயே இருக்கட்டும், ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட மக்களுக்கு அது வேண்டும்.

‘நைட்ரஜன் செலவு’ என்பதை மட்டும், நைட்ரஜனே செலவாகிறது என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஆகும் ஆக்சிஜன் செலவு அது. ‘அமோனியாவழிச் செலவு’ என்று மாற்றலாமா? புட்டிச் சோதனை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.