ஜிப்ஸி கிங்: டிரான்ஸ்ஃபர் கேஸை முழுதாக மாற்றுவதா, பிரித்துச் செப்பனிடுவதா?

அந்தியூர்க்காரர்:

வணக்கம். ஏலத்தில் எடுத்த பழைய மாருதி ஜிப்ஸி கிங் (நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கக்கூடிய ஜீப்) ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி, தார்ச்சாலை முடிந்தபின் மண்தடத்தில் எங்கள் காட்டுக்கு உரமூட்டையும் மாட்டுத் தீவனமும் கொண்டு செல்வதுதான் அதன் வேலை. சில காலமாக, பாரத்துடன் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஃபோர்-லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான நிலை) போட்ட லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பு சட்டென்று இல்லாமல் போவது அச்சமாக இருக்கிறது. டூ-ஹையில் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வழக்கமான நிலை) ஓடும்போதும் அடியிலிருந்து உறுமல் கேட்கிறது. உள்ளூர் மெக்கானிக், கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொல்கிறார். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் 970 சிசி ஜிப்ஸியின் கேஸ் மலிவாகக் கிடைக்கும் போலிருக்கிறது. அது என் வண்டிக்குப் பொருந்துமா? என்னால் 20,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது.

கோவைப் பட்டறைக்காரர்:

முதலில் ஒரு வேண்டுகோள். இது சரியாகும்வரை பாரத்துடன் அந்த மண்தடத்தில் இறங்காதீர்கள், அண்ணா.

கேஸை வாங்குவதற்கு முன், பழுது கேஸுக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. சேசிஸில் மூன்று ரப்பர் மவுண்டுகளில் தனியாகத் தொங்க, கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதற்குச் சக்தியைக் கொண்டுவருகிறது. லீவரோ கேஸின் தலையிலேயே நேராக நிற்கிறது. ரப்பர் நைந்துபோனால், பாரம் ஏறும்போதும் கால் எடுக்கும்போதும் கேஸ் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். அப்போது லீவர் தரைத்தகட்டின் விளிம்பில் இடித்துக் கியரிலிருந்து தள்ளப்படும். அப்படியானால் கேஸை மாற்றினாலும் லீவர் கழன்றுகொண்டேதான் இருக்கும். மவுண்டுகள் நன்றாக இருந்தால் மட்டும் அடுத்ததாக, ஷிஃப்ட் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டையும் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் செலவு மிகக் குறைவு. அதுவும் சரியாக இருந்தால்தான் கியரை இணைக்கும் ஸ்லீவின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, அதை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க நேரும்.

உறுமலுக்குத் தனிச் சோதனை உண்டு. சமதரையில் நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபரை நியூட்ரலிலும் கியர்பாக்ஸை நான்காம் கியரிலும் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி நகராது, குட்டை ஷாஃப்டும், கேஸின் உள்வரும் கியரும், சக்தியை இடையில் கடத்தும் கவுன்டர் கியரும், அதோடு பல் கோத்த கியர்களும் சுற்றும். அப்போதும் அதே உறுமல் கேட்டு, கியர்பாக்ஸை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் காரணம். ஷாஃப்டின் முனையிலுள்ள சிலுவை மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டமில்லை என்றால் ஷாஃப்டை விலக்கிவிடலாம். மெல்லிய முனகலைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த கேஸில் ஹை ரேஞ்சிலும் சக்தி கவுன்டர் கியர் வழியாகவே போவதால், அது புதிய வண்டியிலும் உண்டு.

உடுமலைக்காரர்:

பொருந்துமா என்ற கேள்விக்கு என் பதில்: இவை சுசூகி எஸ்.ஜே. 410 (970 சிசி ஜிப்ஸி), 413 (உங்கள் ஜிப்ஸி கிங்) வண்டிகளின் வழிவந்த கேஸ்கள் என்பதால் மவுண்டில் பொதுவாக உட்கார்ந்துவிடும். பிளேஞ்சுகளின் (ஷாஃப்டை போல்ட்டால் மாட்டும் வட்டத் தகடுகள்) துளை இடைவெளியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஆனால் விகிதம் வேறு. 410-இன் கேஸில் ஹை 1.580, லோ 2.511, 413-இல் ஹை 1.409, லோ 2.268. அதாவது 410-இன் கேஸைப் போட்டால் ஹையில் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். மலையில் மூட்டையோடு ஊர்வதற்கு இது உண்மையாகவே நல்லது. ஈரோட்டுக்கும் கோவைக்கும் அடிக்கடி ஓட்டுவதானால் சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும்.

கடைக்காரர் சொல்லும் மாடலை நம்பி வாங்காதீர்கள். கேஸை டூ-ஹையில் போட்டு, பிளேஞ்சுகளில் சாக்பீஸால் குறியிட்டு, பின்பக்க பிளேஞ்ச் 10 சுற்று முடிக்கும்வரை உள்வரும் பிளேஞ்சைக் கையால் சுற்றுங்கள். 14 சுற்று பிடித்தால் 413-இன் கியர்கள், 16-ஐ நெருங்கினால் 410-இன் கியர்கள். பிரிக்காமலே தெரிந்துவிடும். ஆயில் வடிக்கும் போல்ட்டையும் கழற்றச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் குழைவு இயல்பானது. ஊசிபோன்ற துணுக்குகளோ பற்சில்லுகளோ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள்.

சத்தியமங்கலத்துக்காரர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். பர்கூர் சாலையில் தார் இருக்கும்வரை ஃபோர்-வீலில் ஓட்டாதீர்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓடுகின்றன. இந்த கேஸில் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வேறுபாடு முழுவதும் முறுக்காகக் கியர்களில் தங்குகிறது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அதை விடுவித்துவிடும், தாரில் விடுவிக்காது. முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டு ஃபோர்-வீலில் ஓட்டினாலும் இதே தொல்லைதான்.

அந்தியூர்க்காரர்:

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன். பின்பக்க மவுண்ட் ரப்பர் கிழிந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. லீவர் இடித்த தழும்பு தரைத்தகட்டில் தெளிவாகத் தெரிகிறது. நியூட்ரல் சோதனையில் உறுமலும் கேட்கிறது, சிலுவையில் ஆட்டமில்லை. ஆகவே என் கேஸையே இறக்கிப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கோவைப் பட்டறைக்காரர்:

நல்ல முடிவு. மூன்று ஷாஃப்டுகளையும் கழற்றுமுன் பிளேஞ்சில் குறியிட்டு, அதே நிலையில் திரும்ப மாட்டுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு வரும். ஸ்பீடோமீட்டர் கேபிளையும் ஃபோர்-வீல் சுவிட்ச் ஒயரையும் மறக்காமல் பிரித்துவிட்டு, ஜாக்கியின் மேல் இறக்குங்கள்.

கவுன்டர் கியர் ஊசி பேரிங்குகளின்மேல் சுற்றுகிறது. அந்த ஊசிகள் ஷாஃப்டின் மேலேயே நேராக உருள்கின்றன. ஷாஃப்டில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால், புது பேரிங் மட்டும் போடுவது பணத்தை வீணாக்குவதாகும். லேத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பரப்பின் கடினம் திரும்ப வராது. வேறொரு ஜிப்ஸி கிங் கேஸின் நல்ல ஷாஃப்டைத் தேடுங்கள். மற்ற பேரிங்குகளின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பேரிங் கடையில் அதே எண்ணில் கேட்டால் போதும். ஆயில் சீல்களையும் மூன்று மவுண்டுகளையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். மாட்டியபின் 0.8 லிட்டர் கியர் ஆயில் பிடிக்கும். இனி எப்போது ஆயில் மாற்றினாலும், ஊற்றும் போல்ட் கழல்கிறது என்று உறுதிசெய்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள்.