கேட்காமல் வரும் அளவீட்டுப் பாக்கெட்டுகளை அனுப்புவது யார் என்று கண்டறிவது எப்படி?

கணினிக்கூடம்:
வணக்கம். ஒரு கல்லூரியின் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். அண்மைக் காலமாக ஃபயர்வால் லாகில் இரண்டு வகைப் பாக்கெட்டுகள் பதிவாகின்றன. ஒன்று, ஒரே ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் பிங். அதன் தரவுப் பகுதியை டிசிபிடம்ப் என்னும் பாக்கெட் பார்க்கும் கருவியில் விரித்தால், 'புரோபிங் டாட் டிஎக்ஸ்டி' என்று முடியும் ஓர் இணைய முகவரி தெளிவாகத் தெரிகிறது. மற்றொன்று, பற்பல ஐபிவி4 முகவரிகளிலிருந்து 23, 2323 ஆகிய போர்ட்டுகளுக்கு வரும் சின் பாக்கெட்டுகள், அதாவது டிசிபி இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்டுகள். இவர்கள் ஆய்வாளர்களா, உள்ளே நுழைய வழி தேடுபவர்களா?

நெய்தல்:
முதல் வகைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அளவீடு செய்பவர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வதற்கான முறையை 2023 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 9511 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுத்துள்ளது. அனுப்புபவர் யார், நோக்கம் என்ன, யாருக்கு எழுத வேண்டும் என்ற விவரங்களை ஒரு கோப்பில் எழுதி, அதன் முகவரியைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைக்கலாம். அல்லது அனுப்பும் ஐபியிலோ, ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைத் தேடித் தரும் முறை) அந்த ஐபிக்குத் தரும் பெயரிலோ உள்ள வலைத்தளத்தில் அக்கோப்பை வைக்கலாம். பாக்கெட்டுக்குள் இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அனுப்புநர் ஐபியைப் பொய்யாக இட்டு, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் கோப்பு முகவரியையும் சேர்த்து அனுப்ப எவராலும் முடியும். ரிவர்ஸ் பதிவிலும் ஐபியை வைத்திருப்பவர் விரும்பிய பெயரை எழுதலாம் என்பதால், அந்தப் பெயர் மீண்டும் அதே ஐபிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்து, அந்தப் பெயரின் கீழும் அதே கோப்பு இருந்தால் நம்பலாம். அப்படிப் பெயரையும் தொடர்பு முகவரியையும் திறந்து வைப்பவர்களை உடனே முடக்காமல், தொந்தரவாக இருந்தால் முதலில் அவர்களுக்கு எழுதுவதே முறை என்பது என் கருத்து.

அலைவரிசை:
இரண்டாவது வகையில், டிசிபி தலைப்பகுதியில் உள்ள சீக்வன்ஸ் எண்ணைப் பாருங்கள். அது உங்கள் சர்வரின் ஐபி முகவரியையே 32 பிட் எண்ணாக எழுதியதுபோல் இருந்தால், 2016இல் பரவிய மிராய் என்னும் தீங்கு நிரலின் வழித்தோன்றலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அனுப்புவது பெரும்பாலும் எவரோ ஒருவரின் வீட்டுக் கேமராவோ ரௌட்டரோ ஆகும். அதன் உரிமையாளருக்கே இது தெரிந்திருக்காது. ஐபி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் தெரிவதும் அவருடைய இணையச் சேவை நிறுவனத்தைத்தான். இதேபோல், இணையம் முழுவதையும் வருடிப் பார்க்கப் பயன்படும் ஸீமேப் கருவி நெடுங்காலம் ஐபி தலைப்பகுதியின் அடையாள எண்ணாக 54321ஐ இட்டு வந்தது. புதிய பதிப்புகளில் அவ்வழக்கம் கைவிடப்பட்டதால், அந்த எண் இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

கணினிக்கூடம்:
இருவருக்கும் நன்றி. பிங் அனுப்பும் ஐபியின் பெயர் இருபுறமும் பொருந்துகிறது. கோப்பும் அங்கே இருக்கிறது. அதை அனுமதித்து, எங்கள் பெயர்ச் சர்வரை மட்டும் விலக்குமாறு கேட்டு எழுதியிருக்கிறேன். சின் பாக்கெட்டுகளில் நான் பார்த்தவை அனைத்திலும் சீக்வன்ஸ் எண் எங்கள் ஐபியாகவே உள்ளது. அந்த இரு போர்ட்டுகளையும் வெளியிலிருந்து மூடிவிட்டு, லாகை நேரக்குறிப்புடன் அந்தந்தச் சேவை நிறுவனங்களின் புகார் முகவரிகளுக்கு அனுப்புகிறேன்.