மெக்நாட் வால்மீனின் வரிகள் முறிந்தது மின்னூட்டத்தாலா?

தூசுக்கணக்கு:
2007 ஜனவரி 12 அன்று 0.17 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமி-சூரியன் தூரம்) தூரத்தில் சூரியனைச் சுற்றிப் போன மெக்நாட்டின் தூசு வால், சீப்பால் வாரியது போல வரிவரியாக இருந்தது. அதில் ஓரிடத்தில் முறிவு. சூரியக் காற்றின் மின்னோட்டத் தாளை வால் கடந்த இடம் அது என்று 2019இல் ஆலிவர் பிரைஸ் குழு காட்டியது. தாளின் இரு பக்கமும் காந்தப்புலம் எதிரெதிர். மின்னூட்டம் ஏறிய தூசு அங்கே தடம் மாறாதிருந்தால்தான் ஆச்சரியம்.

பீட்டாப்பிரியன்:
ஈர்ப்பும் ஒளியழுத்தமும் போதாதா? 1968லேயே பின்சன், புரோப்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் அதை வைத்தே வாலை வரைந்துவிட்டார்கள். எண்ணைப் போடுங்கள், பேசலாம்.

தூசுக்கணக்கு:
புற ஊதா ஒளி எலெக்ட்ரான்களை உதிர்த்துவிட, தூசு சுமார் +5 வோல்ட்டில் நிற்கும். ஆரம் 0.1 மைக்ரான், அடர்த்தி தண்ணீரைப் போல 2 மடங்கு என்றால் இழந்தது ஏறக்குறைய 350 எலெக்ட்ரான். 0.2 அலகில் குறுக்குக் காந்தப்புலம் 15 நானோடெஸ்லா, சூரியக் காற்று வினாடிக்கு 400 கி.மீ. என்று வையுங்கள். முடுக்கம் 0.04 மீ/வி². அங்கே சூரிய ஈர்ப்பே 0.15தான். ஒரே நாளில் 1,50,000 கி.மீ. விலகிவிடும்.

பீட்டாப்பிரியன்:
வசதியாக 0.1ஐப் பிடித்துக்கொண்டீர்கள். ஆரம் பத்து மடங்கானால் முடுக்கம் நூறில் ஒன்று. 1 மைக்ரான் தூசு நாளில் 1,500 கி.மீ.தான் நகரும். வாலைப் படமெடுத்த ஸ்டீரியோ விண்கலத்தின் எச்ஐ-1 கேமராவில் ஒரு பிக்சல் 70 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை), அந்தத் தூரத்தில் 40,000 கி.மீ.க்கு மேல். என்ன தெரியும்?

இரவுக்கண்:
இருவருமே தூசைக் கோலிக்குண்டாக வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். அது பொரி உருண்டை. மின்னூட்டம் வெளி அளவைப் பொறுத்தது, எடையோ உள்ளிருக்கும் வெற்றிடத்தைப் பொறுத்தது. 90% வெற்றிடம் என்றால் முதல் நாளில் 15,000 கி.மீ., மூன்று நாளில் ஒன்பது மடங்கு. மூன்று பிக்சல் வந்துவிட்டதே.

பீட்டாப்பிரியன்:
பொரி உருண்டை சரி. ஆனால் படத்தைச் சுற்றுப்பாதைத் தளத்தில் விரித்துத்தான் அளக்கிறார்கள். விசை தூசைத் தளத்துக்கு வெளியே தள்ளினால் அளவே தப்பு.

தூசுக்கணக்கு:
வேறு வால்மீன் என்றால் மாட்டியிருப்பேன். பூமியின் பாதைத் தளத்துக்கு மெக்நாட்டின் பாதைச் சாய்வு 78 பாகை. விசை வடக்கு-தெற்காக இருப்பதால் ஏறக்குறைய முழுதும் தளத்துக்குள்ளேயே விழுகிறது.

பீட்டாப்பிரியன்:
தூசின் சொந்த வேகத்தை விட்டுவிட்டீர்களே. 0.2 அலகில் ஆரத்திசைப் புலம் சுமார் 75 நானோடெஸ்லா. அதைக் குறுக்கே வினாடிக்கு 87 கி.மீ.யில் வெட்டினால் அதே அளவு விசை, அதுவும் தளத்துக்குச் செங்குத்தாக.

தூசுக்கணக்கு:
நல்ல பிடி. சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது தூரத்தின் மும்மடியில் தேயும். 0.4 அலகுக்குப் போவதற்குள் எட்டில் ஒன்று. என் விசை பாதிதான் குறைந்திருக்கும்.