மிகையூட்டல், ஊட்டமேறல்: ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

ஏரி போன்ற நீர்நிலையில் பாஸ்பரசு, நைட்ரஜன் முதலிய ஊட்டங்கள் மிகுந்து பாசி பெருகுவதை ஆங்கிலத்தில் யூட்ரோபிகேஷன் என்கிறார்கள். இதற்கு, இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘நற்போசணையாக்கம்’ என்பதையே ஏற்கலாம் என்ற கருத்துக்கு என் மறுப்பைப் பதிகிறேன். கிரேக்க வேரில் ‘யூ’ என்பது நல்ல, ‘ட்ரோபே’ என்பது ஊட்டம்; பெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் பாசி படர்ந்து, அடிநீரில் உயிர்வளி தீர்ந்து, மீன்கள் செத்து மிதக்கும் ஏரியைக் காட்டி ‘நல்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘மிகையூட்டம்’ இதைவிடப் பொருந்தும். ஆயினும் அது நிலையை மட்டுமே சொல்கிறது. அந்நிலைக்கு ஏரியைக் கொண்டுவந்தது யார் என்பதைச் சொல்வதில்லை.

சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியை எண்ணிப் பாருங்கள். 1940-களிலிருந்து கரையோர ஊர்களின் கழிவுநீர் அதில் கலந்தது. அதில் பெரும்பகுதி இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பைக் கடந்த நீர்தான். அந்த நிலை கரிமப் பொருளை நீக்கும். பாஸ்பரசில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெளிவாக வந்த நீரே பாசிக்கு உரமாயிற்று. 1955-இல் ஆஸிலடோரியா ரூபெசென்ஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி அங்கே தென்பட்டதும், எட்மண்ட்சன் என்ற ஏரியியலாளர் வரவிருப்பதை எச்சரித்தார். 1958-இல் மக்கள் வாக்களித்து வட்டாரக் கழிவுநீர் அமைப்பை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கும் செக்கி வட்டு, 1960-களின் நடுவில் கோடைக்காலத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்தது. 1970-களின் பிற்பகுதியில் பல மீட்டர் ஆழத்திலும் தெரிந்தது.

ஊட்டியவர்கள் நிறுத்தியதும் ஏரி மீண்டது. இந்த உண்மையைச் சொல்லத் தமிழ் இலக்கணமே வழிவைத்திருக்கிறது. ‘உண்’ தன்வினை, ‘ஊட்டு’ அதன் பிறவினை. ஊட்டல் என்றாலே ஊட்டுபவர் ஒருவர் உண்டு. எனவே மனிதச் செயலால் நேர்வதை ‘மிகையூட்டல்’ என்றும், வண்டல் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளில் ஏரி தானாக அடையும் மாற்றத்தை ‘ஊட்டமேறல்’ என்றும் பிரிக்கலாம். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்துத்தான் வேறுபடுத்துகிறார்கள். நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஒரு கலைச்சொல் தன் குடும்பத்தையும் தாங்க வேண்டும். குறையூட்ட ஏரி, இடையூட்ட ஏரி, மிகையூட்ட ஏரி என்ற வரிசை இடறாமல் வருகிறது. ‘நற்போசணை’யை வைத்து இவ்வரிசையை அமைத்துப் பார்த்தேன், ‘நல்’லுக்கு எதிர்ச்சொல் தேடும் இடத்திலேயே நின்றுவிட்டது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இக்குடும்பம் உதவும். இரண்டாம் நிலைக்கு அடுத்த சுத்திகரிப்பை ‘மூன்றாம் நிலை’ என்பது வரிசை எண்ணை மட்டுமே சொல்கிறது. பாஸ்பரசையும் நைட்ரஜனையும் அகற்றும் பணியை ‘ஊட்டநீக்கம்’ என்றால், ஊராட்சிக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவருக்கும் விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கழிவுநீரை நிறுத்திய பின்னரும், அடிநீரில் உயிர்வளி அற்றுப்போனால், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரசு கரைந்து மீண்டும் மேலே வரும். ஊட்டியவர் விலகியும் பழைய ஊட்டம் வேலை செய்கிற இந்நிலையை ‘அடிச்சேற்று ஊட்டல்’ எனலாமா, அல்லது ஊட்டுபவர் இல்லாததால் ‘அடிச்சேற்று ஊட்டக்கசிவு’ என்பதே சரியா? நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். மண்ணியல் படித்தவர்கள் இதற்குத் தம் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.