ஆரல்வாய்மொழியில் பாலைவன யூக்கா: ஐப்பசி மழைக்கு முன் நடலாமா?

கேள்வி (ஆரல்வாய்மொழி)

வணக்கம். எங்கள் புரையிடத்தின் மேற்கு ஓரம் சரல் கலந்த வறண்ட மண். ஆனி, ஆடிக் காற்றில் அங்கு வைக்கும் எதுவும் கருகிவிடுகிறது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் வடக்கு மெக்சிகோவிலும் இயற்கையாக வளரும் யூக்கா எலாட்டா கன்று ஒன்றை இப்போதைக்குத் தொட்டியில் வைத்திருக்கிறேன். அடியிலைகள் காய்ந்து வருகின்றன. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா? ஐப்பசி மழைக்கு முன் நிலத்தில் நட்டுவிடலாமா?

பதில் (நாகர்கோவில்)

ஐயா, தண்ணீரைக் கூட்டாதீர்கள். அடியிலைகள் காய்ந்து, உதிராமல் தண்டைப் போர்த்தி நிற்பது இச்செடியின் இயல்பு. பார்க்க வேண்டியது நடுக்குருத்தைத்தான். அதை மெல்ல இழுத்துப் பாருங்கள்; அசையாமல் நின்றால் கவலையில்லை. கையோடு வந்து, அடி பழுப்பாகி நாற்றமடித்தால் அது அழுகல்.

வெயிலும் காற்றும் இதற்குப் பொருட்டல்ல, தேங்கும் ஈரம்தான் இதைக் கொல்லும். இதன் தாயகமான சிகுவாகுவா பாலைவனத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழை 250 மி.மீ. அளவே, அதிலும் பெரும்பகுதி கோடையில் பெய்து சரளை மண்ணில் வடிந்துவிடும். நமக்கோ தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை முழுவதும் தொட்டியை மழை படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இறவாரத்தில் வைத்திருந்து, தை பிறந்தபின் நடுங்கள்; ஆனிக் காற்றுக்கு முன் வேர் ஓரளவு பிடித்துக்கொள்ளும். இரண்டடி உயரத்துக்குச் சரலும் பருமணலும் கலந்து மேடு கட்டி, தண்டின் அடி மண்ணுக்குமேல் தெரியும்படி நட்டு, சுற்றிலும் கல் அடுக்குங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தேங்காய்த் தொண்டும் நார்க்கழிவும் போட்டு மூடிவிடாதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பதில் (தோவாளை)

ஒன்று சேர்க்கிறேன். இலை நுனி ஊசிபோல் குத்தும். குழந்தைகள் நடக்கும் வழியில் வேண்டாம். பூவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பூத்தாலும் காயை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே யூக்கா அந்துப்பூச்சியின் பெண், மகரந்தத்தை உருட்டி எடுத்துச் சென்று வேறொரு பூவின் சூலகத்தில் முட்டையிட்டு, அதன் சூல்முடியில் அந்த மகரந்தத்தைத் தானே திணிக்கிறது. பிறக்கும் புழுக்கள் விதைகளில் ஒரு பங்கைத் தின்கின்றன. அந்தப் பூச்சி இங்கே கிடையாது. விதை வேண்டுமென்றால் நாம்தான் தூரிகையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

பதில் (அகஸ்தீஸ்வரம்)

யூக்கா ஒன்று போதும் என்பது என் கருத்து. மீதி ஓரத்துக்கு இந்த மண்ணுக்கே உரிய மருளையும் சதுரக்கள்ளியையும் வையுங்கள். இரண்டும் வறட்சியைத் தாங்குவதோடு, நம் இரு மழைகளுக்கும் பழகியவை. கள்ளிப்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குருத்து உறுதியாகவே நிற்கிறது. தொட்டியை இன்றே இறவாரத்துக்கு மாற்றுகிறேன். மேட்டுக்கான சரலைக் கார்த்திகைக்குப் பின் அடிக்கச் சொல்கிறேன்.