வீல்சேர் ஏற்ற ராம்ப (சாய்வுப் பாதை) ரெண்டு தடவ தப்பாப் போட்டாச்சு, ஆளுங்களுக்கு எப்படி சொல்லிப் புரிய வைக்கிறது?

கோவை சைட்டுக்காரன்: வணக்கம்ங்க. ரெண்டு மாடி கிளினிக் வேல, நான்தான் சூப்பர்வைசர். பேஸ்மட்டம் 2 அடி உசரம். ட்ராயிங்ல 1:12னு தெளிவா இருக்கு, ஆனா கொத்தனார் 14 அடியிலயே ராம்ப முடிச்சுட்டாரு, கேட்டா "பைக் ஜம்முனு ஏறுதுங்க சார்"ங்கறாரு. இடிச்சுட்டு திரும்பப் போட்டா 18 அடி. இஞ்சினியர், மாற்றுத்திறனாளிங்களும் போய் வர்ற மாதிரி கட்டறதுக்கான 2021 மத்திய அரசு கைடுலைன்ஸ் பிரிண்ட் எடுத்துக் குடுத்தாரு, அது இப்ப சிமெண்ட் மூட்டை மேல கெடக்கு. ஆளுங்கள்ல பாதிப் பேரு பீகார் பசங்க, தமிழும் வராது. அடுத்த வாரம் பாத்ரூம் வேல ஆரம்பிக்குது, அதுக்குள்ள எப்படிங்க இவங்கள ரெடி பண்றது?

பழைய மேஸ்திரி: தம்பி, 1:12னு சொன்னா யாருக்கும் ஏறாது. "இன்ச்சுக்கு ஒரு அடி"ன்னு சொல்லுங்க. 2 அடின்னா 24 இன்ச், அப்ப 24 அடி நீளம், அவ்வளவுதான் கணக்கு. அதுவும் அதிகபட்ச சாய்வு, எடம் இருந்தா இன்னும் நீட்டுங்க. மேல கீழ 5 அடி சமதளம் தனி, அத இந்த 24ல சேத்துறாதீங்க. எடம் பத்தலேன்னா நடுவுல திருப்பி விடுங்க. அப்புறம் 4 அடி மட்டப்பலகை ஒண்ணு எடுத்து ஒரு நுனிக்கு அடியில 4 இன்ச் கட்டைய ஆணி அடிச்சுக் குடுத்துருங்க. கட்டை இருக்கற பக்கம் பள்ளத்த பாத்து வச்சு மேல ரசமட்டம் வச்சா குமிழி நடுவுல நிக்கணும். இதுக்கு தமிழும் வேண்டாம் இந்தியும் வேண்டாம்.

கோவை சைட்டுக்காரன்: அண்ணா சூப்பருங்க, கட்டை ஐடியா தோணவே இல்ல. பாத்ரூமுக்கு? கதவு 3 அடி விட்டிருக்கேன்.

பழைய மேஸ்திரி: செங்கல்லுல 3 அடியா? அய்யோ. நிலை ரெண்டு பக்கமும் தின்னு, தொறந்த கதவோட கனமும் போக ரெண்டரை அடிதான் மிஞ்சும். உள்ள போற வழியே 900 மி.மீ. வேணும். ரூமும் அதே கததான், பூச்சு, டைல்ஸ் எல்லாம் ஒட்டுனப்புறம் வீல்சேர் திரும்ப 1500 மி.மீ. குறுக்களவுல ஒரு வட்டம் அளவு எடம் இருக்கணும். சுண்ணாம்புல தரையில வட்டம் போட்டுக் காட்டுங்க.

கம்பிக்காரன்: இதோட காலம் (தூண்) கம்பியச் சுத்திக் கட்டற ரிங்கையும் பாத்துருங்க ப்ரோ. எல்லா எடத்துலயும் கொக்கிய 90ல மடக்கிட்டு போயிடறானுங்க. பூகம்பம் தாங்கற கட்டடத்துக்கான ஐஎஸ் 13920 படி 135 டிகிரி மடங்கி, வால் 65 மி.மீ.க்குக் குறையாம உள்ள போகணும். சரியா மடக்குன ரிங்கு ஒண்ண கம்பி மடக்கற டேபிள்ல தொங்க விடுங்க.

வீல்சேர் வாசகர்: நான் வீல்சேர்ல போறவன். 14 அடி ராம்ப்ல எறங்கறது எனக்கு சறுக்குமரம் மாதிரி, ஏறவே முடியாது. ஒரு வீல்சேர் வாடகைக்கு எடுத்து அந்தக் கொத்தனாரையே உக்கார வச்சு கையால தள்ளி ஏறச் சொல்லுங்க. வாசப்படியில அரை இன்ச் தூக்குனாலும் முன்சக்கரம் முட்டிக்கும், அதையும் பாருங்க. இதெல்லாம் வெறும் பரிந்துரைன்னு விட முடியாதுன்னு 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரிங்கறவரு மாற்றுத்திறனாளி வசதிக்காகப் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. புள்ளி டைல்ஸ டிசைனுக்காக எறச்சு விடாதீங்க ப்ளீஸ், பார்வை இல்லாதவங்களுக்கு புள்ளின்னா நில்லு, கோடுன்னா போ.

கோவை சைட்டுக்காரன்: அப்டேட்: கொத்தனார உக்கார வச்சோம். பாதியில கை விட்டு பின்னாடி உருண்டு வந்துட்டாரு, நாலு பேரு புடிச்சோம். எறங்குனதும் அவரே கடப்பாறைய எடுத்துட்டாரு. கதவுக்கும் ஒரு பக்கம் செங்கல் பிரிக்கறோம். ராம்ப் கைப்பிடி எத்தன உசரம்ங்கண்ணா?

வீல்சேர் வாசகர்: ரெண்டு பக்கமும், 700லயும் 900 மி.மீ.லயும் ரெண்டு வரிசை. நுனிய மட்டும் மடக்கி விட்டுருங்க, சட்டை மாட்டிக் கிழியுது.