ஓரியன் நெபுலா படத்தில் சிவப்பு வரவில்லை, உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நிலாவெளிக் கடற்கரையில் நிலவில்லாத இரவில் ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) படம் எடுத்தேன், நடுப்பகுதி நீலம் கலந்த வெள்ளை, ஓரத்தில் மட்டும் மங்கலான இளஞ்சிவப்பு. பைனாகுலரில் சாம்பல் புகைதான் தெரிகிறது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, அது சரி. ஆனால் நெபுலாவில் உள்ள ஐதரசன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் தரும் அந்தச் சிவப்பைச் சாதாரண கமராவுக்குள் இருக்கும் பில்டரே பெருமளவு தடுத்துவிடுகிறதாம். அதை மாற்றித்தான் ஆக வேண்டுமா, இல்லை நிறையப் படங்களை அடுக்கிச் சேர்த்தாலே போதுமா? ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் பலவற்றில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று ஒதுக்குவார்கள், அது வேறு. எனக்கு இயற்கை நிறம்தான் வேண்டும். திருகோணமலைப் பக்கம் பில்டர் மாற்றிய கமரா வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஓர் இரவு சேர்ந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.